கூடலூரிலிருந்து கோழிக்கோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நீலகிரிக் கூடலூரில் கோழிக்கோட்டுக்குப் போகாத ஆள் குறைவு. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போவோம், வளைகுடாவிலிருந்து வருகிறவரை அழைத்துவரக் கரிப்பூர் விமான நிலையத்துக்குப் போவோம், கல்யாணத் துணி எடுக்கப் போவோம். ஊரைப் பார்க்கவென்றே போவதுதான் அபூர்வம். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துச் சொந்தங்கள் லீவுக்கு வந்தால் "கடல் பார்க்கணும்" என்பார்கள். கூட்டிக்கொண்டு போகிற வேலை என் தலையில் விழும். போகிற வழியெல்லாம் அவர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். இனி வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வண்டி ஏறினால் எனக்குத் தொண்டைத் தண்ணீர் மிச்சம்.

கோழிக்கோடும் கள்ளிக்கோட்டையும் ஒரே ஊரா?

ஒரே ஊர்தான். பழைய தமிழ்ப் புத்தகங்களில் கள்ளிக்கோட்டை என்று இருக்கும். வெள்ளைக்காரர்கள் காலிகட் என்றார்கள். அங்கிருந்து கப்பலேறிய பருத்தித் துணிக்கு ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டு காலிகோ ஆகிவிட்டது. கோழிக்கோடு என்ற பெயருக்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். அரண்மனையைக் குறிக்கும் கோயில் என்ற சொல்லோடு கோடு சேர்ந்தது என்பது ஒன்று. கோழி கூவினால் கேட்கும் தூரம் வரைக்கும் நிலம் உனக்கு என்று சேரமான் பெருமாள் கொடுத்தார் என்பது இன்னொன்று. இரண்டாவது கதைதான் எனக்குப் பிடிக்கும், நம்புவதற்கு இல்லை. ஊர்க்காரர்கள் பேச்சில் ஊர்ப் பெயர் "கோயிக்கோடு". ழகரம் யகரமாகிவிடும். சென்னையில் வாழைப்பழம் வாயப்பயம் ஆகிறதே, அதுபோல.

நமக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? அது கேரளா ஆயிற்றே?

1956 நவம்பர் 1-ஆம் தேதிக்குப் பிறகுதான் அது கேரளம். அதற்கு முன் கோழிக்கோடு மலபார் மாவட்டத்தின் தலைநகர். மலபாரும் நீலகிரியும் ஒரே சென்னை மாகாணத்தில் இருந்தன. கூடலூர்ப் பகுதியோ 1877 வரை மலபாரிலேயே இருந்தது. நம்பாலக்கோடு, சேரங்கோடு, முனநாடு என்ற மூன்று அம்சங்களை, அதாவது வருவாய்க் கிராமங்களை, வயநாட்டிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்த்தது அந்த ஆண்டில்தான். அதுவரை நம் பாட்டன் முப்பாட்டன்களுக்குக் கலெக்டர் கச்சேரி ஊட்டியில் இல்லை, கடற்கரையில். ஜென்ம நிலப் பிரச்சினை என்று இன்றைக்கும் நாம் அலைகிறோமே, அதன் வேரும் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்கு இங்கே இருந்த ஜென்ம உரிமையில், அதாவது பரம்பரை நிலவுடைமையில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் விடப் பழைய சம்பந்தம் தண்ணீர். கூடலூர் தாலுகாவில் ஓடும் பாண்டியாறும் புன்னம்புழையும் கிழக்கே திரும்புவதில்லை. மேற்கே மலையிறங்கி, நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றில் கலந்து, கோழிக்கோட்டுக்குத் தெற்கே பேப்பூரில் கடலில் சேர்கின்றன. ஓவேலியில் மழை பெய்தால் பேப்பூர் முகத்துவாரம் கலங்கும். குன்னூர்க்காரர்களுக்கு இதை முதலில் சொல்லிவிடுவேன். அவர்கள் ஊர்த் தண்ணீர் பவானிக்குப் போய் வங்காள விரிகுடாவில் விழுகிறது, நம்முடையது அரபிக் கடலில். அப்படியிருக்க, அவர்கள் "உங்க ஊர் கேரளா மாதிரியே இருக்கே" என்று ஆச்சரியப்படுவதுதான் எனக்கு ஆச்சரியம்.

எந்த வழியாகப் போவது?

சுருக்கு வழி நாடுகாணி. அங்கிருந்து சுரம் என்கிற மலைப்பாதையில் இறங்கி வழிக்கடவு, நிலம்பூர், எடவண்ணா என்று போக வேண்டும். பாதை பாதி மலை, பாதி சந்தைகள். நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றரையில் போய்விட்டால் சந்தோஷம். ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாகப் பஸ்ஸும் உண்டு.

இன்னொரு வழி வயநாடு. தேவர்சோலை, பாட்டவயல் வழியாகச் சுல்தான் பத்தேரிக்குப் போய், கல்பற்றா, வைத்திரி தாண்டி லக்கிடியில் தாமரச்சேரிச் சுரம் இறங்கலாம். பந்தலூர், சேரம்பாடிக்காரர்கள் சோலாடி தாண்டி வடுவஞ்சால், மேப்பாடி வழியாக அதே சுரத்துக்கு வந்துவிடுவார்கள். ஒன்பது கொண்டை ஊசி வளைவு. கல்லட்டிப் பாதையில் முப்பத்தாறு பார்த்த நமக்கு இது ஒன்றுமே இல்லை என்று ஏறினால், லாரி வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்கும்போது புத்தி வரும்.

லக்கிடியில் சங்கிலி கட்டிய மரம் ஒன்று இருக்கும், வண்டியை நிறுத்திப் பாருங்கள். சுரத்துக்கு வழி காட்டியவர் கரிந்தண்டன் என்ற பணியர் பழங்குடிக்காரர், வழி தெரிந்ததும் வெள்ளைக்காரன் அவரைக் கொன்றான், அவருடைய ஆவியை அந்த மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள் என்பது கதை. நம் பக்கத்துப் பணியர் வீடுகளிலும் இந்தப் பெயரைக் கேட்கலாம்.

வாஸ்கோடகாமா இறங்கிய இடத்துக்குத்தானே முதலில் போக வேண்டும்?

நேரம் மிச்சமிருந்தால் போங்கள். ஊருக்கு வடக்கே பதினைந்து பதினாறு கிலோமீட்டரில் கப்பாட். 1498 என்று பொறித்த ஒரு சின்னக் கல்தூண் நிற்கும். கரை சுத்தம், 2020-ல் நீலக்கொடி என்ற சுத்தமான கடற்கரைச் சான்று கிடைத்தது. தூணைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

அந்த ஆள் வந்த கதைதான் தூணைவிட ருசி. கோடிட்ட துணி பன்னிரண்டு, தொப்பி ஆறு, பவழச் சரம் நாலு, கை கழுவும் பாத்திரம் ஆறு, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தேன். இவ்வளவையும் சாமூதிரி மன்னருக்குப் பரிசாக எடுத்துவைத்தார். பார்க்க வந்த அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பான் என்றார்களாம். எழுதிவைத்தது போர்ச்சுகீசியக் கப்பலில் வந்தவரே என்பதால் நம்பலாம்.

சிரித்தவர்களுக்குக் காரணமும் இருந்தது. அதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே மொராக்கோப் பயணி இபின் பதூதா அந்தத் துறையில் பதின்மூன்று சீனக் கப்பல்களை எண்ணியிருக்கிறார். செங் ஹ என்ற சீனத் தளபதியின் பெரும் கப்பல் படை 1405 முதல் பலமுறை வந்துபோனது. எனவே "இந்தியாவைக் கண்டுபிடித்த" கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, யாருக்காகக் கண்டுபிடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1502-ல் திரும்பி வந்தபோது அதே வாஸ்கோ இந்த ஊரைப் பீரங்கியால் அடித்தார். முஸ்லிம் வணிகர்களை விரட்டிவிடு என்றார். சாமூதிரி மறுத்துவிட்டார்.

சாமூதிரி யார்? அரண்மனை எங்கே இருக்கிறது?

கோழிக்கோட்டை ஆண்ட மன்னர்களின் பட்டப் பெயர் அது. ஏறநாட்டு நெடியிருப்பிலிருந்து வந்தவர்கள். அரண்மனை இல்லை. 1766-ல் ஹைதர் அலி படை ஊருக்குள் வந்தபோது, அன்றைய சாமூதிரி அரண்மனைக்குத் தீ வைத்துத் தானும் மாண்டார். இப்போது மிஞ்சியிருப்பவை பெயர்களும் ஒரு குளமும்தான். கோட்டைப் பறம்பு என்ற இடத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது. பாளையம் பஸ் நிலையமும் காய்கறிச் சந்தையுமாக அறியப்பட்டது. நம் மலைக் கேரட்டும் அங்கே நிறைய இறங்கியிருக்கிறது.

குளத்தின் பெயர் மானாஞ்சிறை. சிறை என்றதும் என் சித்தப்பா ஒருவர் "ஜெயிலையா காட்டப் போறே?" என்றார். மலையாளத்தில் சிற என்றால் குளம், அணை. மானவிக்கிரமன் என்ற சாமூதிரியின் பெயரால் மானன்-சிற. நகரத்தின் நடுவே இவ்வளவு தண்ணீரும் புல்வெளியும் இருப்பது பாக்கியம். எதிரே பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துப் பாதிரிமார் சபை தொடங்கிய பழைய நெசவாலைக் கட்டிடம் பூட்டிக் கிடக்கிறது. கேத்தி, கோத்தகிரிப் பக்கம் பள்ளிக்கூடம் கட்டிய அதே பாசல் மிஷன்தான். இந்தக் கரையில் அவர்கள் துணி நெய்தார்கள், ஓடு சுட்டார்கள்.

குஞ்ஞாலி மரக்காயர்?

சாமூதிரியின் கடற்படைத் தலைவர்கள், நான்கு பேர். பதினாறாம் நூற்றாண்டு முழுக்கப் போர்ச்சுகீசியரைக் கடலில் தூங்கவிடாதவர்கள். நாலாமவரைக் கடைசியில் சாமூதிரியே போர்ச்சுகீசியரோடு சேர்ந்து முற்றுகையிட்டார். சரணடைந்தவரை 1600-ல் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். நினைவிடம் வடகரை அருகே இரிங்ஙலில், நகரத்திலிருந்து தனிப் பயணம்.

ஒரே ஒரு இடம் பார்க்க நேரம் இருந்தால்?

குற்றிச்சிறை. இதுவும் குளம்தான். படிக்கட்டில் மாலையில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கரையில் மிஸ்கால் பள்ளி. பள்ளிவாசல் என்றால் குவிமாடம், மினார் என்று தேடுவீர்கள், இரண்டும் இருக்காது. மரத்தில் அடுக்கடுக்காய் எழுந்து ஓடு வேய்ந்த கூரையோடு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கேரளக் கோயில் என்றே தோன்றும். கட்டியவர் நாகுதா மிஸ்கால், பதினான்காம் நூற்றாண்டுக் கப்பல் முதலாளி. இபின் பதூதாவே அவரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1510-ல் போர்ச்சுகீசியர் தாக்கி எரித்தார்கள். 1571-ல் சாமூதிரியின் படை பேப்பூருக்கு எதிர்க்கரையில் உள்ள சாலியத்துப் போர்ச்சுகீசியக் கோட்டையைப் பிடித்து இடித்தபோது, அங்கிருந்து வந்த மரத்தைக் கொண்டு இதைச் செப்பனிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். எரித்தவனின் கோட்டை மரமே எரிந்த பள்ளிக்குத் தூணானது என்ற கணக்கு. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது.

பக்கத்திலேயே முச்சுந்திப் பள்ளி. அங்கே ஒரு பழைய கல்வெட்டு, அரபியிலும் வட்டெழுத்திலும். பள்ளிக்குச் சாமூதிரி விட்ட கொடையைச் சொல்வது. நம் நடுகற்களில் பார்க்கிற அதே வட்டெழுத்து, பள்ளிவாசலில்! உள்ளே போக விரும்பினால் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். தொழுகை நேரத்தில் தொந்தரவு வேண்டாம்.

சுற்றியிருக்கும் பெரிய வீடுகள் கோயா குடும்பங்களின் தறவாடுகள். முஸ்லிம்கள், ஆனால் தாய்வழி. பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் அங்கே வந்து தங்குவார். அவருக்குப் பெயர் புதியாப்பிள. எவ்வளவு வயதானாலும் அந்த வீட்டில் அவர் புது மாப்பிள்ளைதான், விருந்தும் அதற்குத் தக்கபடிதான். இதைச் சொன்னால் வண்டியில் இருக்கும் ஆண்கள் எல்லாரும் ஒருமுறை பெருமூச்சு விடுவார்கள்.

தளிக் கோயிலில் என்ன விசேஷம்?

சிவன் கோயில். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். இங்கே ஐப்பசியை ஒட்டி, துலாம் மாதத்து ரேவதி நட்சத்திரத்தில், ரேவதி பட்டத்தானம் என்ற புலவர் சபை கூடும். வாதத்தில் வென்றவருக்குப் பணக்கிழி. நம் மதுரைப் பொற்கிழிக் கதையைப் போலவே இருக்கும், இங்கே வாதமெல்லாம் வடமொழியில். தொண்டை மண்டலத்திலிருந்து போன உத்தண்ட சாஸ்திரி வருஷா வருஷம் கிழியைத் தட்டிக்கொண்டு போனார். கடைசியில் காக்கசேரி பட்டதிரி என்ற உள்ளூர் இளைஞர் அவரைத் தோற்கடித்தார் என்று கதை.

மானவிக்கிரமனின் சபைப் புலவர்களைப் பதினெட்டரைக் கவிகள் என்பார்கள். பதினெட்டுப் பேர் சமஸ்கிருதத்தில் எழுதினார்கள். புனம் நம்பூதிரி மலையாளத்தில் எழுதினார், ஆகவே அரை! தாய்மொழியில் எழுதினால் அரை ஆள் என்ற கணக்கு வேறு எந்த ஊரிலும் இவ்வளவு வெளிப்படையாகப் பதிவாகியிருக்காது.

மிட்டாய்த் தெருவில் மிட்டாய் மட்டும்தான் கிடைக்குமா?

துணி, செருப்பு, பாத்திரம் எல்லாம் கிடைக்கும். 2017-ல் புதுப்பித்தபின் வண்டித் தொல்லை இல்லாமல் நடக்கலாம். தெரு முனையில் சிலையாக நிற்பவர் எஸ்.கே. பொற்றெக்காட், இந்தத் தெருவை வைத்தே நாவல் எழுதியவர், ஞானபீடம் பெற்றவர்.

வாங்க வேண்டியது அல்வா. திருநெல்வேலி அல்வாவை மனதில் வைத்துக்கொண்டு கடிக்காதீர்கள். அது கோதுமைப் பாலும் நெய்யும், கையில் வழுக்கும். இது மைதாவும் தேங்காய் எண்ணெயும், கத்தியால் துண்டு போடலாம், சவ்வு மாதிரி இழுக்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பாறை மாதிரி அடுக்கியிருப்பார்கள். வெல்லம் போட்ட கறுப்பு அல்வாதான் நல்லது, வண்ணங்கள் பெரும்பாலும் கண்ணுக்கு. கண் முன்னால் வறுக்கிற நேந்திரங்காய்ச் சிப்ஸ் சூடாக வாங்குங்கள். அங்கே நண்பர்கள் இருந்தால் இங்கிருந்து ஊட்டி வர்க்கி கொண்டுபோங்கள், சுலைமானி என்கிற பால் இல்லாத டீயில் முக்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த முறை அவர்களே கேட்பார்கள்.

பேப்பூரில் என்ன பார்ப்பது?

நம் ஆறு கடலில் சேர்வதை. அலைதடுப்புப் பாறைகளின் மேல் போட்ட நீண்ட நடைபாதைக்குப் புலிமுட்டு என்று பெயர். அதன் முனை வரை நடந்து நின்றால், ஒரு பக்கம் ஆற்றின் செம்மண் நிறம், மறுபக்கம் கடல். லட்சத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் படகுகள் நிற்கும். எதிர்க்கரை சாலியத்துக்கு ஜங்கார் என்கிற, வண்டியும் ஏற்றும் படகு ஓடினால் அதில் போய்த் திரும்பலாம், சில்லறைக் காசில் ஒரு கப்பல் பயணம். கேரளத்தின் முதல் ரயில் 1861-ல் ஓடியது அந்தக் கரையிலிருந்து திரூருக்குத்தான். கோழிக்கோட்டுக்கு ரயில் வந்தது அதற்குப் பின்னால்.

பேப்பூரின் பெருமை உரு. உரு என்றால் மரக்கப்பல். அரபு நாடுகளுக்குப் போவது. இன்றைக்கும் ஆர்டர் வந்தால் கட்டுகிறார்கள். காகிதத்தில் வரைபடம் கிடையாது, அளவெல்லாம் மூத்த மேஸ்திரியின் தலைக்குள். கட்டி முடித்த உருவைக் கடலில் இறக்குவது கலாசிகள் என்ற துறைமுகத் தொழிலாளிகளின் வேலை. கப்பி, வடம், உருளைக் கட்டை, ஒரே மூச்சில் பாட்டு, அவ்வளவுதான் கருவி. 1988-ல் பெருமண்ணில் ரயில் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது பெட்டிகளை இழுக்க இவர்களைத்தான் கூப்பிட்டார்கள்.

உருவுக்குத் தேக்கு எங்கிருந்து? நிலம்பூர்க் காட்டிலிருந்து. அங்கே மலபார் கலெக்டர் கானலியும் சாத்து மேனோனும் 1840-களில் தொடங்கிய தேக்குத் தோட்டம் இன்னும் இருக்கிறது, போகிற வழியிலேயே பார்க்கலாம். வெட்டிய மரத்தைச் சாலியாற்றில் மிதக்கவிட்டால் அது கல்லாயி வரைக்கும் வந்து சேரும். கல்லாயி ஒரு காலத்தில் உலகப் பெரும் மரச்சந்தைகளில் ஒன்று என்று பேர் வாங்கியது. இப்போது அந்தக் கரையில் மர அறுவை சத்தம் குறைந்துவிட்டது.

என்ன சாப்பிடலாம்?

பிரியாணி. பாசுமதி கிடையாது, குட்டையான வாசனை அரிசி. ஜீரகசால, கயமா என்பார்கள், வயநாட்டிலும் விளைகிறது. காரம் கம்மி, கறியைத் தனியாக வேகவைத்துச் சோற்றோடு தம் போடுவார்கள். நம் பிரியாணிக்குப் பழகிய நாக்கு முதல் வாயில் ஏமாறும், மூன்றாம் வாயில் சமாதானமாகும்.

குற்றிச்சிறைப் பக்கத்துப் பலகாரங்களை விடாதீர்கள். உன்னக்காய், பழுத்த நேந்திரத்துக்குள் தேங்காயும் முந்திரியும். சட்டிப் பத்திரி, அடுக்கடுக்காய். முட்டமாலை, முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரைப் பாகில் நூலாக ஊற்றியது. போர்ச்சுகீசியரும் இதே மாதிரி ஒன்றைச் செய்வார்கள். கல்லுமக்காய் என்ற சிப்பிக்குள் அரிசிமாவை அடைத்து அவித்துப் பொரித்தது. கடற்கரையில் உப்பிலிட்ட நெல்லிக்காய், அன்னாசி, மாங்காய். துருவிய ஐஸில் சிரப் ஊற்றித் தரும் ஐஸ் ஒரதி. அப்புறம் இருமல் வந்தால் என்னைத் திட்டக் கூடாது.

பிள்ளைகள் கடலில் குளிக்கலாமா?

நகரக் கடற்கரையில் காலை நனைத்தால் போதும். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம். மலைப் பிள்ளைகளுக்கு ஓடையின் வேகம் தெரியும், அலையின் இழுப்பு தெரியாது.

மலையாளம் தெரியாதே?

தமிழிலேயே பேசுங்கள், மெதுவாக. கூடலூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. கோழிக்கோட்டு ஆட்டோக்காரர்கள் மீட்டர் போட்டு, மிச்சச் சில்லறையை எண்ணிக் கொடுப்பதற்குப் பேர் போனவர்கள். என் குடையை ஒருமுறை ஆட்டோவில் விட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் இறக்கிவிட்ட இடத்துக்கே தேடிக் கொண்டுவந்தார். சத்தியத்தின் நகரம் என்று அதற்கு ஒரு பட்டமே உண்டு. ஊறுகாய் ஜாடிக்குள் தங்கத்தை ஒளித்துப் பல அரசர்களிடம் கொடுத்து வைத்த வணிகனுக்கு, சாமூதிரி மட்டுமே அப்படியே திருப்பிக் கொடுத்தாராம்.

இலக்கிய நகரம் என்கிறார்களே?

2023-ல் யுனெஸ்கோ கொடுத்த பட்டம், இந்தியாவில் முதல் ஊர். எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீர் வாழ்ந்த வீடு பேப்பூரில். இன்னொரு எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர் 2024 டிசம்பரில் இறக்கும்வரை இருந்ததும் இந்த ஊரில்தான். ஜனவரியில் கடற்கரையில் இலக்கிய விழா நடக்கும். கூட்டத்தில் பாதிப்பேர் இளவட்டம். எனக்குப் பட்டத்தைவிட, சாயங்காலம் மாடியறைகளில் ஹார்மோனியம் வைத்துக்கொண்டு பாடும் மெஹ்ஃபில் பழக்கம் பெரிதாகத் தெரிகிறது. மலையாள சினிமா இசையமைப்பாளர் பாபுராஜ் அப்படிப்பட்ட சபைகளில் பாடி வளர்ந்தவர். வலிய அங்ஙாடி என்ற மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குகிறவரும் சரக்கு முதலாளியும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்பார்கள்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர், ஜனவரி. மார்ச்சுக்கு மேல் நமக்கு வியர்வையில் சட்டை பிழியலாம். ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை கடைசி வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, மீனுக்காகப் போகிறவர்கள் கவனிக்கவும்.

ஒரே நாளில் முடியுமா?

முடியும், விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினால். ஒன்பதரைக்குப் பேப்பூர், பதினொன்றரைக்குக் குற்றிச்சிறை, அங்கிருந்து வலிய அங்ஙாடியும் பட்டுத்தெருவும் நடந்தே. மதியம் பிரியாணி. வெயில் தாழ மிட்டாய்த் தெருவும் மானாஞ்சிறையும். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று யாராவது அடம்பிடிப்பார்கள். அப்படியானால் இரவு தங்கிவிடுங்கள். ஆறரைக்குக் கடற்கரையை விட்டுக் கிளம்பினால் வழிக்கடவு வரும்போது ஒன்பதரை. அதற்கு மேல் நாடுகாணிச் சுரத்தில் பனிமூட்டம், யானை, இரண்டும் உண்டு, எது முதலில் என்று சொல்ல முடியாது. அல்வாப் பொட்டலத்தைக் கட்டி டிக்கியில் வையுங்கள்.